நாகர்கோவிலில் என் லினக்ஸ் லேப்டாப்புக்கு ‘இன்வெர்ட்டர்’ மாற்றிய கதை

பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறீர்கள், திரை வெளிச்சம் கூட்டினாலும் குறைத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் இருக்கிறவர்கள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில், என் லேப்டாப்பில் இல்லவே இல்லாத ஒரு பாகத்தை மாற்றியதாகச் சொல்லி 3,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள். புகார் போயிருக்கிறது, அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என்னுடையது இரண்டாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 7 காலத்துச் சரக்கு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது, 11-க்கு இது தகுதியில்லை. நான் செய்வது கோயில் கொடை நோட்டீசும் கல்யாண அழைப்பிதழும்தான். அதற்கு வேண்டிய இங்க்ஸ்கேப் என்கிற டிசைன் மென்பொருள் லினக்ஸிலும் ஓடும். அந்தக் கடையிலேயே ஒரு எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமானது) வாங்கிப் போட்டு, லினக்ஸ் மின்ட் 21 என்ற லினக்ஸ் பதிப்பை ஏற்றித் தரச் சொன்னேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையும் நியாயம், லேப்டாப்பும் பறந்தது.

வெளிச்சம் மட்டும் குறையவில்லை. எஃப்என் பட்டனோடு சேர்த்து பிரைட்னஸ் பட்டனை அழுத்தினால் திரையில் அந்தச் சின்னப் பட்டை வருகிறது, அளவு இறங்குகிறது, ஏறுகிறது. திரை மட்டும் முழு வெளிச்சத்தில் அப்படியே நிற்கிறது. இந்த அடையாளத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வருகிறது என்றால் பட்டன் வேலை செய்கிறது, அழுத்தியது லினக்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை.

கடையில் சொன்னது வேறு. “அண்ணே, லினக்ஸ்னா எஃப்என் கீ சரியா எடுக்காது. அதுக்கு டிரைவர் தனியா வாங்கிப் போடணும். டிஸ்ப்ளேல இன்வெர்ட்டரும் போயிட்டு. வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிடலாம்.”

டிரைவர் என்றால் ஒரு பாகத்தை இயக்குகிற மென்பொருள். இன்வெர்ட்டர் என்று அவர் சொன்னது வீட்டில் கரண்ட் போனால் ஓடுவது அல்ல, திரையின் பின்விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை. வைத்துவிட்டு வந்தேன். திரும்பத் தரும்போது மேசை மேலேயே பட்டனை அழுத்திக் காட்டினார். வெளிச்சம் இறங்கியது, ஏறியது. கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்: இன்வெர்ட்டர் 1,800, லினக்ஸ் டிரைவர் 900, சர்வீஸ் 500. ஜிஎஸ்டி எண்ணும் கிடையாது, கடை முத்திரையும் கிடையாது.

கொஞ்ச நாளிலேயே சந்தேகம் வந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டால் வெளிச்சம் ஒவ்வொரு முறையும் உச்சத்துக்குப் போய்விடும். குறைத்து வைத்து வேலை பார்த்தாலும் பேட்டரி முன்பு போலவே கரைந்தது. நோட்டீஸில் கடும் அரக்கு நிறமும் கருப்பும் திரையில் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஒன்றாகக் கிடந்தன. மழை நேரத்தில் எங்கள் தக்கலைப் பக்கம் ரப்பர் மரம் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போவது வழக்கம்தானே. அப்படி ஒரு ராத்திரி, வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துவிட்டு, கட்டளை தட்டுகிற கருப்பு ஜன்னலான டெர்மினலை முழுத்திரையில் திறந்தேன். எழுத்து மங்கிப்போயிருந்தது. ஆனால் அதன் பின்னால் இருந்த கருப்பு பழையபடி சாம்பலாகப் புகைந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் விளக்கு துளியும் குறையவில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனைப் போனில் பிடித்தேன். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியைத் திறந்து, அதில் நாமே சேர்க்கிற குறுக்குவழிகள் இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னான். பிரைட்னஸ் பட்டன்களின் பேரில் அங்கே இரண்டு வரிகள் புதிதாக இருந்தன. இரண்டும் என் ஹோம் ஃபோல்டரில் ஒளித்து வைத்திருந்த ஒரு சின்ன ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய ஃபைலை, ஓட்டின. ஸ்கிரிப்டைத் திறந்து அதில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். எக்ஸ்ரேண்டர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே சிரித்துவிட்டான்.

“மாமா, இது பிரைட்னஸே இல்ல. படத்தோட நிறத்தை மட்டும் இருட்டாக்குது.”

எக்ஸ்ரேண்டர் என்பது திரையின் அளவு, திசை எல்லாம் மாற்றுகிற கட்டளை. அதிலும் பிரைட்னஸ் என்று ஒரு வசதி உண்டு. ஆனால் அது கிராஃபிக்ஸ் சிப் அனுப்புகிற நிறங்களின் மதிப்பைத்தான் குறைக்கும், பின்விளக்கைத் தொடவே தொடாது. எரிகிற ட்யூப்லைட்டுக்கு முன்னால் துணி கட்டின மாதிரி. மேசை மேல் வைத்து அரை நிமிடம் காட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைக்காரருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்த வேலை என்று நான் நம்பமாட்டேன். தெரியாதவர் இரண்டு பட்டனுக்கும் ஸ்கிரிப்ட் எழுதிக் கோர்க்கமாட்டார்.

உண்மையான கோளாறு இது. லினக்ஸில் சிஸ் என்ற ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பின்விளக்கைக் கட்டுப்படுத்தும் வழிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். என்னுடையதில் ஏசிபிஐ_வீடியோ0 என்று ஒன்றும், இன்டெல்_பேக்லைட் என்று ஒன்றும் இருந்தன. முதலாவது பயாஸ் (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும், உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வழியாகப் போவது, இரண்டாவது இன்டெல் கிராஃபிக்ஸ் சிப்பிடம் நேராகப் பேசுவது. இரண்டும் இருந்தால் டெஸ்க்டாப் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் அந்த வழி செத்துக் கிடந்தது. பட்டை மட்டும் ஆடியதற்குக் காரணம் இதுதான். மின்ட் 21-உடன் வருவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.15 பதிப்பு. 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் இருந்து, இப்படி இரண்டைக் காட்டாமல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி கெர்னலிலேயே மாற்றிவிட்டார்கள்.

இன்டெல்_பேக்லைட்டுக்குள் பிரைட்னஸ், மேக்ஸ்_பிரைட்னஸ் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். இரண்டாவதில் உச்ச அளவு எண்ணாக இருக்கும், அது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். அதில் பாதியை முதல் ஃபைலில் ரூட் அனுமதியோடு, அதாவது நிர்வாகி அனுமதியோடு, எழுதச் சொன்னான் அக்கா மகன். எழுதி என்டர் தட்டியதும் திரை டக்கென்று இறங்கியது. கருப்பும் சேர்ந்தே இறங்கியது.

நிரந்தரமாக்க ஒரு வரி போதும். எட்சி ஃபோல்டரில் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைல். அதில் கொயட், ஸ்பிளாஷ் என்று இருக்கும் மேற்கோளுக்குள் ஓர் இடைவெளி விட்டு ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்று சேர்க்க வேண்டும். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒட்டி. பிறகு டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) போட்டு அப்டேட்-கிரப், ஒரு ரீஸ்டார்ட். ஸ்கிரிப்டையும் அந்த இரண்டு குறுக்குவழிகளையும் தூக்கிப் போட்டதும் எஃப்என் பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்தன. பயமாக இருந்தால் ஃபைலைத் தொட வேண்டாம். லேப்டாப் எழும்போது வரும் கிரப் என்கிற தொடக்க மெனுவில் ‘ஈ’ பட்டனை அழுத்தி அந்த ஒருமுறைக்கு மட்டும் சேர்த்துப் பார்க்கலாம், ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். சில லேப்டாப்பில் நேட்டிவுக்குப் பதில் வெண்டர் அல்லது வீடியோ என்று போட்டால்தான் கேட்கும். செலவு? ஒரு பைசா இல்லை. இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதை 900 ரூபாய்க்கு விற்கிற ஆள் கோட்டாற்றுச் சந்தையில் கொல்லத்து மிளகாய்க்குக்கூடத் தனியாகக் காம்புக் காசு கேட்பார்.

சரி, இன்வெர்ட்டர்? லேப்டாப்பை மார்த்தாண்டத்தில் டிவி பழுது பார்க்கும் என் கூட்டுக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் ஸ்க்ரூவை மறைக்கும் சின்ன ரப்பர் மூடிகள் இருக்கும். அவற்றின் ஓரத்தில் வருஷக்கணக்கான அழுக்கு இறுகிப்போய்க் கிடந்தது. “இதை இதுவரை ஒருத்தனும் தொறக்கல” என்றார். ஊசியால் நெம்பி எடுத்துச் சட்டத்தைக் கழற்றிக் காட்டினார். எல்இடி பேனல். இன்வெர்ட்டர் என்பது சிசிஎஃப்எல் என்கிற மெல்லிய குழல் விளக்கு வைத்த பழைய பேனல்களுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க வைத்திருந்த பலகை. எல்இடி பேனலுக்கு அது வேண்டியதே இல்லை. புதிதாக மாற்றியதும் பொய், பழையது கெட்டதும் பொய்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “லினக்ஸ்னா அப்படித்தான் சார்” என்றார். அண்ணன் சாராகிவிட்டார். விண்டோஸ் 10-ஐ ‘ஆக்டிவேட்’ செய்தே போட்டுத் தருவதாகவும், அதற்கு இன்னொரு 700 ஆகும் என்றும் சொன்னார். திருட்டு விண்டோஸ், அதுவும் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது.

உங்களுக்கும் இப்படி இருந்தால், கடையில் கொடுக்குமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்ஸ் திரையிலேயே பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யும். அங்கே வெளிச்சம் குறைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. எஃப்என் அழுத்தாமலே வெளிச்சம் மாறுகிறது, அல்லது எஃப்5 தட்டினால் வேறென்னவோ நடக்கிறது என்றால் அது கோளாறு அல்ல, எஃப்என் லாக். சில லேப்டாப்களில் எஃப்என்னோடு எஸ்கேப் அழுத்தினால் மாறும், சிலவற்றில் பயாஸில் ஆக்‌ஷன் கீஸ் அல்லது ஹாட்கீ மோட் என்று இருக்கும். லினக்ஸ் போடச் சொல்கிறவர்கள், இன்ஸ்டால் செய்யுமுன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம், சத்தம், வைஃபை பட்டன்களைக் கடையில் நின்றே அழுத்திப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஒரு கருப்புப் படத்தைத் திறந்து, திரையைக் கையால் மறைத்து இருட்டாக்கிப் பாருங்கள். கருப்பு முன்பு போலவே சாம்பலாகப் புகைந்தால் பின்விளக்கு குறையவில்லை. பாகம் மாற்றினேன் என்றால் கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள், ஜிஎஸ்டி எண்ணோடு பில்லும் கேளுங்கள்.

என்னிடம் பில் இல்லை. ஜிபேயில் பணம் அனுப்பிய விவரமும், அந்தத் துண்டுச் சீட்டும், கூட்டுக்காரர் பேனலைத் திறக்கும்போது எடுத்த வீடியோவும், ஸ்கிரிப்டின் ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்தன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசினார்கள். இதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. புகார் எண்ணைக் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பியபின், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 1,800 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். டிரைவர் காசும் சர்வீஸ் காசும் இன்னும் வரவில்லை. புகாரை நான் திரும்பப் பெறவும் இல்லை.