சிப்பி மேட்டுக்கு மூன்றடுக்குச் சல்லடை: வாங்கலாம், 4 மி.மீ. தட்டை மட்டும் நம்பாதீர்கள்

20 செ.மீ. விட்டம், எவர்சில்வர் வலை, ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் 4, 2, 1 மி.மீ. கண் (வலை ஓட்டை) உள்ள தட்டுகள், அடியில் ஒரு கிண்ணம். சிப்பி மேட்டு (பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த மேடு) அகழாய்வுக்கு எடுபடும் செட்தான். 4 மி.மீ. தட்டில் தூண்டில் முள், பெரிய மீன் எலும்பு, பெரிய கல் சில்லு எல்லாம் நிற்கும். முத்துதான் நிற்காது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் உம் அல் குவைனில் கிடைத்த, சுமார் 7,500 ஆண்டு பழைய முத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2 மி.மீ. அந்த அளவு 2 மி.மீ. தட்டிலேயே நழுவிவிடக்கூடும். தட்டையான சிப்பிச் சில்லு எப்படியாவது குறுக்கே படுத்துத் தப்பித்துக்கொள்ளும். உருண்டைக்கு அந்த வசதி இல்லை, எப்படித் திரும்பினாலும் ஒரே அகலம். ஆகவே 1 மி.மீ. தட்டுதான் இந்த செட்டின் உயிர்.

உப்பேறிய மண் கட்டி தட்டியிருக்கும். உலரச் சலித்தால் கட்டியோடு முத்தும் மேல்தட்டில் நின்று, கழிவோடு கொட்டப்பட்டுவிடும். வாளி நீரில் ஊறவிட்டு, விரலளவு கனத்துக்கு மேல் கொட்டாமல், மெல்லிய தூறலாக நீர் விடுங்கள். தூரிகையால் தேய்த்தால் மக்கிய முத்தின் மேலேடு உரிந்து வரும். கறை போக வினிகர், எலுமிச்சை, அமிலம் எதுவும் கூடாது. முத்து சுண்ணாம்புச் சத்து, கரைந்துவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

அடுத்த இடறல், அடைத்துக்கொண்ட வலையைத் தட்டி உதறுவது. கண்ணில் சிக்கி நிற்பது பெரும்பாலும் மணல்தான்; ஆனால் கண்ணளவே உள்ள உருண்டையும் அங்கேதான் சிக்கும். தட்டைக் கவிழ்த்து, பின்புறமிருந்து நீர் பீய்ச்சி, கறுப்புத் தட்டில் பிடியுங்கள். ஊசியால் குத்தாதீர்கள்.

பொறுக்கும்போது 10 மடங்கு லென்ஸ் போதும், ஒரு நேரத்துக்கு ஒரு கரண்டி மண். முத்துபோல் ஏமாற்றுபவை இரண்டு: மீனின் கண் லென்ஸும், அதன் காதுக்குள் இருக்கும் காதுக்கல்லும். உலர்ந்த கண் லென்ஸ் வெங்காயம்போல் ஏடு ஏடாக உரியும், எடையே இருக்காது. காதுக்கல்லில் ஒரு பக்கம் பள்ளக் கோடு தெரியும். முத்தின் பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் கைரேகை போன்ற படிவரிகள்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், ஒற்றை முத்து முத்துக்குளிப்புக்குச் சாட்சியாகாது. தின்ன எடுத்த சிப்பியிலும் முத்து இருந்திருக்கலாம். துளையிட்ட முத்து, பாதியில் நின்ற துளை, கல்லறையில் வைத்த இடம், அதே மண் அடுக்கின் முத்துச்சிப்பி ஓடுகள் எல்லாம் சேர்ந்தால்தான் வாதம் நிற்கும். அபுதாபியின் மராவா தீவு முத்துக்குக் காலம் சொன்னதும் அது கிடந்த அடுக்குதான்: கி.மு. 5800–5600. துளைக்கும் கல்லூசியின் முனை உடைந்தால் அந்தத் துணுக்கையும் 1 மி.மீ. தட்டில்தான் தேட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வலையும் சட்டமும் சேரும் விளிம்பில் ஓர் இடுக்கு இருக்கிறது. மணி அளவு பொருள் அதில் ஒளிந்துகொண்டு அடுத்த குழியின் மண்ணோடு வெளிவரும். குழி மாறும்போதெல்லாம் அந்த விளிம்பை நீரால் அலசி, அலசிய நீரைப் பழைய குழியின் பையிலேயே சேருங்கள். கடல்நீரில் சலித்தால் வலையில் புள்ளித் துரு பிடிக்கும், வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவ வேண்டும். முதலில் கிழிவது 1 மி.மீ. வலை. உதிரியாக இன்னொன்று சேர்த்தே வாங்குங்கள்.