எர்த் இல்லாத வீட்டில் ஒரு கேமிங் பிசி

இந்தப் பொங்கலுக்குச் சிங்கப்பூரில் இருந்து பதினாறு நாள் லீவில் கோட்டையூர் வந்திருந்தேன். வந்த வேலை என்னவோ ஓடு மாற்றுவதும், பேங்கில் ஆத்தா கணக்குக்கு கேஒய்சி முடிப்பதும், நாட்டரசன்கோட்டையில் உறவுக்காரர் வீட்டுச் செவ்வாய்ப் பொங்கலுக்குத் தலையைக் காட்டுவதும்தான். ஆனால் பாதி நாள் போனது தங்கச்சி மகனுக்குக் கேமிங் பிசி கட்டுவதில். வெளிநாட்டில் இருந்து வந்து ஊரில் இதே வேலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள், அதனால் அந்தப் பாதியை மட்டும் எழுதுகிறேன்.

பையன் காரைக்குடியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஆயாவுக்கு, அதாவது என் ஆத்தாவுக்கு, துணையாக எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறான். நான் கிளம்பும் முன்பே போன் வந்துவிட்டது. "அம்மான், சிம் லிம்ல கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிட்டு வந்துருங்க, மத்தத இங்க பாத்துக்கலாம்." சிம் லிம் என்பது சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த கட்டடம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கஸ்டம்ஸில் தனியாக விலக்கு இருப்பது லேப்டாப் ஒன்றுக்குத்தான், கார்டு என்றால் மதிப்புப் போட்டுப் பேச வேண்டிவரும். அதுகூடப் பரவாயில்லை, வாரண்டிதான் பெரிய தலைவலி. அங்கே வாங்கிய கார்டு இங்கே செத்துப்போனால் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கே அனுப்பச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவன் நான், அதுவரை கார்டு பெட்டகத்தில் தூங்க வேண்டியதுதான்.

ஒன்றே ஒன்று கொண்டுவந்தேன். என் பழைய மெஷினில் கழற்றிய இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து ராம் விலை எங்கேயோ போய்விட்டது, சும்மா டிராயரில் கிடப்பதை விட்டுவிட்டு வர மனசில்லை. புது ரைசன் சிப்கள் (ஏஎம்டி கம்பெனியின் ப்ராசசர்கள்) உட்காரும் ஏஎம்5 மதர்போர்டில் அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். கையில் டிடிஆர்4 இருந்ததால் பழைய ஏஎம்4 பக்கம் போனோம். மொத்த மெஷினும் அந்த இரண்டு குச்சி ராமை வைத்துத்தான் முடிவானது என்று சொல்ல வேண்டும். பட்ஜெட் மானிட்டரோடு சேர்த்து 80,000 ரூபாய். இன்டெலின் விலை கூடிய ஐ9 ப்ராசசர் வேண்டும், வாட்டர் கூலிங் வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான், அதை மடித்துப் பையில் வைக்கச் சொன்னேன்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடைக்குக் குறைவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) கொண்டுவந்த ஊர், அவர் ஆரம்பித்த கல்லூரிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன, மாணவர்கள் இருக்கும் இடத்தில் கடை வரத்தானே செய்யும். (அவர் எங்கள் கோட்டையூர்க்காரர், அந்தப் பெருமையை இங்கே சொல்லாமல் விட முடியாது.) செக்காலை ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் மூன்று கடை ஏறி இறங்கினோம்.

முதல் கடையில் ரைசன் 5 5600 ப்ராசசர் கேட்டால் 5500 எடுத்துப் போட்டார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார், அதுவும் ஆறு கோர், இதுவும் ஆறு கோர்." கோர் சரிதான். ஆனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் 5600-இல் 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேமுக்கு அந்தக் கேஷ் நன்றாகவே தெரியும். அதோடு கிராபிக்ஸ் கார்டுக்கு டேட்டா போய்வரும் பாதையான பிசிஐஇ 5500-இல் 3.0 வரைதான், 4.0-இன் பாதி வேகம். இரண்டாவது கடையில் 5600 இருந்தது, போர்டு மட்டும் ஏ520 போடலாம், ஓடும் என்றார்கள். ஓடும்தான். ஆனால் நாங்கள் நினைத்திருந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு அந்தப் பாதையில் எட்டு லேன் மட்டுமே எடுத்துக்கொள்கிற கார்டு, ஏ520-இல் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0. பாதை பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி மெமரி நிறைந்து வழிகிற கேம்களில் அப்போதுதான் தடங்கல் வரும். பி550 போர்டில் இந்தப் பிரச்சினை இல்லை, 4.0 இருக்கிறது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், ஸ்டாக்கில் இருப்பதைத் தள்ளப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான், சிம் லிம்மில் நடக்காததா. நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கடை சின்னது, ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. உள்ளே இருந்த அண்ணன் கான்ஃபிக் எதுவும் கேட்காமல் முதலில் கேட்டது, "பழைய வீடா? எர்த் இருக்கா?" என்றுதான். நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். மூணு பின் பிளக் இருக்கே அண்ணே என்றேன். "பின்னு இருக்கும், ஒயர் இருக்கான்னு பாருங்க" என்றார்.

அவரிடமே ஆர்டர் கொடுத்தோம். மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றி அவர் காட்டியதை எல்லாருக்கும் காட்ட வேண்டும். கேபினெட்டோடு சேர்ந்து வருகிற ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக் கையில் கொடுத்தார், காலி டிபன் பாக்ஸ் மாதிரி கனமே இல்லை. மேலே பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள் என்றார், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான் வருகிறது! கார்டும் ப்ராசசரும் தின்பது அந்த 12 வோல்ட் வரிசையில் இருந்துதான், 5060 கார்டு மட்டுமே 145 வாட், 5600 ஒரு 65 வாட் கணக்கு. கூட்டிப் பாருங்கள். நாங்கள் எடுத்தது 550 வாட், கரண்டை வீணாக்காததற்குத் தருகிற 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ளது. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். கூடவே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்றும் போட்டிருக்கிறது. சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும்போது ட்யூப்லைட் கண் சிமிட்டும், இது அசராது. அதனால் தனியாக ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம்.

கடையில் இல்லாத போர்டையும் கார்டையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லி ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட வைத்தார். காலையில் பல் விளக்குவதற்குள் வந்து இறங்கிவிட்டது. பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் சீரியல் நம்பர் போட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு கொடுத்தார். இதைக் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

கேபினெட்டை மட்டும் பையன் அவசரப்பட்டு ஆன்லைனில் போட்டிருந்தான். வந்தது. பெட்டியை ஆட்டினால் கல்கண்டு டப்பா சத்தம். பக்கவாட்டுக் கண்ணாடி மொத்தமும் தூள். ரிட்டர்ன் போட்டால் உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை என்கிறார்கள், கொண்டுவந்து கொடுக்க மட்டும் வசதி இருந்திருக்கிறது. நான்கு தடவை போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் புது ஆள், முதலில் இருந்து கதை. விட்டுவிட்டு, சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுகிற கண்ணாடிக்கடைக்குப் போனோம். அவர் உடைந்த துண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, இது டஃபன் கண்ணாடி தம்பி, முதல்லயே அளவா வெட்டி ஓட்டை போட்டு அப்புறம்தான் சூடு ஏத்துவாங்க, பிறகு வெட்டினா இப்படித்தான் நொறுங்கும் என்றார். மூன்று எம்எம் அக்ரிலிக் ஷீட்டை வெட்டி, மூலைக்கு ஒரு ஓட்டை, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து 350 ரூபாய். அரை மணி நேரம். கொஞ்சம் கீறல் விழும், பரவாயில்லை.

மாட்டிக் கொடுத்ததும் கடை அண்ணன்தான். பின்பக்கம் காலியாக இருந்த ஸ்லாட்டுக்கெல்லாம் தகடு போட்டு மூடினார். பல்லி உள்ளே போய் போர்டில் முட்டையிட்ட மெஷின் எல்லாம் பார்த்திருக்கிறாராம். ஃபேனுக்கு வலை வைத்து, மாதம் ஒரு தடவை தட்டச் சொன்னார், எங்கள் வீட்டில் சுண்ணாம்புச் சுவர் உதிர்கிற தூசிக்கு அது தேவைதான்.

வீட்டில் இரண்டாங்கட்டு அறையில் வைத்தோம். பொத்தானை அமுக்கினால் மானிட்டர் இருட்டு. ஹெச்டிஎம்ஐ ஒயரை போர்டில் குத்தியிருந்தான், 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டில்தான் குத்த வேண்டும். குத்தினோம், வந்தது. பயாஸுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) போனால் ராம் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டதும் 3200. விண்டோஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருந்தது, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு 60-இல் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேரோ.

மறுநாள் காலையில் ஆத்தாதான் கண்டுபிடித்தது. அறையைத் துடைத்துவிட்டு, ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டிருக்கிறது. "இது என்னடா, எறும்பு கடிக்கிற மாதிரி சுருசுருங்குது?"

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டோம். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேபினெட் திருகிலும் இன்னொன்றைக் கிணற்றடி இரும்புக் குழாயிலும் வைத்தார். 108 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டில் வரும் இரைச்சலை எர்த்துக்குக் கடத்த சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், எர்த் இல்லையென்றால் கேபினெட் உடம்பு மெயின் வோல்ட்டில் பாதியில் மிதக்கும். அந்தக் கரண்ட் ரொம்பக் கொஞ்சம், சுருக்கென்று இருப்பதோடு சரி. ஆனால் நாளைக்கு உள்ளே நிஜமாகவே ஒயர் விட்டுப்போனால் முழுக் கரண்டும் தகட்டில் நிற்கும். பிளக் போர்டைக் கழற்றினால் அண்ணன் சொன்னதேதான், மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. முற்றத்துக்கு சிமெண்ட் போட்டபோது எர்த் குழியையும் சேர்த்துப் பூசி மெழுகிவிட்டார்கள், தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் காய்ந்து கிடந்தது. சிமெண்டை உடைத்து, கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் போர்டில் இருந்து புதுப் பச்சை ஒயர் இழுத்து, கூடவே கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டிவிட்டுப் போனார். ஒரு நாள் வேலை. பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்த்தால் வெறும் 1.4 வோல்ட், எர்த் சரியாகிவிட்டது. இனிமேல் குழிக்கு வாரம் ஒரு குடம் ஊற்றுவது பையன் பொறுப்பு.

வீட்டு இன்வெர்ட்டர் பழையது, ஸ்கொயர் வேவ், அதாவது கரண்ட் சீரான அலையாக வராமல் வெட்டி வெட்டி வரும். அதில் மாட்டவே வேண்டாம் என்று 1100 விஏ யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்கினோம், பட்ஜெட் அங்கேதான் எகிறியது.

கிளம்புகிற அன்றைக்கு ஆத்தா கேட்டது ஒரே கேள்வி, இது எவ்வளவு கரண்ட் குடிக்கும். விளையாடும்போது சுமார் 300 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதத்துக்கு 54 யூனிட், சர்க்கார் இலவசமாகத் தருகிற 100-இல் பாதி இதற்கே போகும் என்று கணக்குச் சொன்னேன். ஆத்தா பையன் பக்கம் திரும்பி, "அப்ப அந்தக் கலர் லைட்டையாவது அமத்து" என்றது. உடனே அமர்த்தினான். திருச்சி ஏர்போர்ட் போகிற வழியில், கீரனூர் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அக்ரிலிக்குக்கு உள்ளே மூன்று ஃபேனும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.