பழைய ஜன்னல்களைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்துச் சந்தை நகரான ஸ்டாம்ஃபோர்டில், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சட்டப்படி காக்கும் பட்டியலில் இரண்டாம் தரத்தில் (கிரேடு II) உள்ள ஜார்ஜியன் காலத்து (18ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை) வீடு ஒன்றின் உரிமையாளரான நான், பாரம்பரியக் கட்டடச் சீரமைப்பில் வல்லுநர்கள் என்று விளம்பரம் செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் 14,600 பவுண்டைப் பறிகொடுத்திருக்கிறேன்.

தெருப்பக்கத்து சாஷ் ஜன்னல்களின் (மேலும் கீழும் நகர்த்தித் திறப்பவை) அடிச்சட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. பார்வையிட வந்தவர், வாயால் ஊதிச் செய்த பழைய கண்ணாடியில் எதிர்வீட்டுச் சுண்ணாம்புக்கல் சுவர் நெளிந்து தெரிவதைக் காட்டி, "இது இனிமேல் கிடைக்காது, ஒன்றுகூட உடையாமல் திருப்பித் தருகிறோம்" என்றார். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே வகை மரத்தை ஒட்டுவது வெறும் பழுதுபார்ப்பு என்பதால் உள்ளாட்சி மன்றத்திடம் அனுமதி வாங்கத் தேவையில்லை என்றும் விளக்கினார். அவ்வளவோடு நின்றிருந்தால் அது பெரும்பாலும் சரிதான். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? மரம் வாங்க வேண்டும் என்றதும் 14,600 பவுண்டையும் கொடுத்தேன்.

பட்டறைக்குப் போன ஜன்னல்களுக்குப் பதிலாக வந்து பொருந்தியவை இரட்டைக் கண்ணாடி போட்ட புத்தம்புதியவை. கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் போலிக் குறுக்குச்சட்டங்கள் நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வருகின்றன. பழையவை எங்கே என்று கேட்டால், மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள்; பிறகு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள்; கடைசியில், பழைய மரம் எதற்கும் உதவாததால் அப்புறப்படுத்திவிட்டதாகவும், அனுமதி பெறுவது உரிமையாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருப்பதாகவும் கூசாமல் சொன்னார்கள். 1967இல் இங்கிலாந்தின் முதல் பாதுகாப்புப் பகுதியாக (பழைய தோற்றம் மாறாமல் சட்டப்படி காக்கப்படும் பகுதி) அறிவிக்கப்பட்ட ஊரில் தொழில் செய்பவர்களுக்குச் சட்டம் தெரியாதாம்!

பட்டியலிட்ட கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய கட்டடத்தின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது குற்றம். மாற்றியதைச் சரிசெய்யச் சொல்லி மன்றம் நடவடிக்கை எடுப்பதற்குக் கால வரம்பு கிடையாது. வீட்டை விற்றால் அந்தச் சுமை வாங்குபவரின் தலையில் விழும். ஆக, 14,600 பவுண்டு போனதோடு, மரத்தில் மறுபடி ஜன்னல் செய்யும் செலவும் என்மீது நிற்கிறது.

விரிவாக ஆலோசனை எழுதும் மனநிலையில் நான் இல்லை. ஒப்பந்தக்காரர் என்ன சொன்னாலும், மன்றத்தின் கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே எழுதிக் கேளுங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம்கூட இல்லை. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணாடியையும் படம் எடுத்து, அவையே திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழைய ஜன்னல் மீண்டும் சுவரில் ஏறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.