ஹை லெக் டெல்டாவுக்கு வாடகை ஜெனரேட்டர்: இரண்டு நாள் அனுபவம்

எங்கள் குளிர்பதனக் கிடங்குக்கு மின்சாரம் வரும் கம்பத்தில் இரண்டே டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அவற்றை மாற்றுவதற்காக இரண்டு நாள் மின்சாரம் இருக்காது என்று தகவல் வந்ததும் வாடகை ஜெனரேட்டர் தேட ஆரம்பித்தேன். பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. உள்ளே இருக்கும் சரக்கு கெட்டால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

முதலில் பேசிய இடத்தில் எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மும்முனை, 240 வோல்ட் என்றேன். "208-ல் வைத்து வோல்டேஜை 240 வரைக்கும் ஏற்றிவிடலாம் சார்" என்று பதில் வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

எங்களுடையது ஹை லெக் டெல்டா என்ற மும்முனை இணைப்பு முறை. வட அமெரிக்காவின் பழைய கட்டடங்களில் இன்னும் பார்க்கலாம். எந்த இரண்டு ஃபேஸுக்கு நடுவில் அளந்தாலும் 240 வோல்ட் வரும். நியூட்ரலில் இருந்து அளந்தால் இரண்டு ஃபேஸில் 120, மூன்றாவதில் மட்டும் 208. அந்த மூன்றாவதுதான் ஹை லெக், ஆரஞ்சு நிறத்தில் அடையாளம் போட்டிருக்கும். கம்ப்ரசர் மோட்டார்களுக்கு மூன்று ஃபேஸும் வேண்டும். விளக்கு, கணினி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் 120-ல் ஓடுபவை. அவர்கள் சொன்னபடி, சாதாரண ஸ்டார் இணைப்பில் (மூன்று ஃபேஸும் நியூட்ரலில் ஒன்றுசேரும் முறை) இருக்கும் ஜெனரேட்டரை 240-க்கு ஏற்றினால் ஒவ்வொரு ஃபேஸும் நியூட்ரலோடு 139 வோல்ட் காட்டும். மோட்டார்கள் ஓடிவிடும். 120-க்கென்று செய்த கருவிகள் எத்தனை நேரம் தாங்கும்?

இரண்டாவதாகப் பேசிய நிறுவனத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். போனில் அந்தத் தொழில்நுட்பர் என்னிடம் கேட்ட முதல் விஷயமே வேறு: "நியூட்ரலில் இருந்து மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள், பேனல் படமும் அனுப்புங்கள்." மறுநாள் நேரில் வந்து, வேலை அதிகம் இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு ஃபேஸிலும் ஆம்பியர் எடுத்தார். வாடகை ஜெனரேட்டர்களின் தேர்வு சுவிட்சில் வழக்கமாக இருப்பவை மும்முனையில் 480/277, 208/120 (முதல் எண் ஃபேஸ்களுக்கு நடுவில், இரண்டாவது நியூட்ரலோடு), அப்புறம் ஒற்றை ஃபேஸ் 240/120. எங்கள் இணைப்புக்கு அதில் இடமே இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அதனால் ஜெனரேட்டரை 480-ல் ஓட்டி, டிரான்ஸ்ஃபார்மர் மூலம் 240 டெல்டாவாக இறக்குவது என்று முடிவானது.

இங்கேதான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. நடு டேப் (நியூட்ரலுக்காகச் சுருளின் நடுவில் எடுக்கும் இணைப்பு) வைத்த ரெடிமேட் டெல்டா டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வகையில் 120 வோல்ட் டேப்பில் பொதுவாக மொத்தத் திறனில் 5 சதவீதம்தான் ஏற்றலாம். எங்கள் 120 வோல்ட் சுமை அதைவிடப் பல மடங்கு. அதனால் மூன்று ஒற்றை ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர்களைக் கொண்டுவந்து டெல்டாவாக இணைத்தார்கள். நடு டேப் எடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் மற்ற இரண்டையும் விடப் பெரியது.

மின்சாரம் நிற்கும் முதல் நாள் காலை மெயின் பிரேக்கரை அணைத்துப் பூட்டினார்கள். சாவி என் பாக்கெட்டில். நியூட்ரலும் எர்த்தும் ஒரே ஓர் இடத்தில்தான் சேர்கின்றன என்பதைத் தனியாகச் சரிபார்த்தார்கள். பேனலுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் மீட்டரில் 120, 208, 120 என்று என்னையே படிக்க வைத்தார்கள். ஹை லெக் நடுவில், பி ஃபேஸில், இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. ஆனால் சுழற்சி, அதாவது மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதை முடிவு செய்யும் ஃபேஸ் வரிசை, தலைகீழாகக் காட்டியது. சாதாரணமாக ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இங்கே அப்படிச் செய்யக் கூடாது. பி-யைத் தொட்டால் 208 வோல்ட் விளக்குப் பக்கம் போய்விடும். 120 வோல்ட் ஃபேஸ்கள் இரண்டை மட்டும் மாற்றினார்கள். கூட வந்த இளைஞனுக்கு அவர் காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்ததைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு கம்ப்ரசர்களை ஒவ்வொன்றாகத்தான் போட்டோம், ஏனென்றால் தொடக்க மின்னோட்டம் ஆறு மடங்கு வரை போகும்.

குறைகளும் உண்டு. கேபிள் நீளம் போதவில்லை, கூடுதல் துண்டு வந்து சேர ஒரு மணி நேரம் போனது. இரண்டாம் நாள் இரவு டீசல் வண்டி தாமதமாகி, டேங்க் கால் பங்குக்கு இறங்கிவிட்டது. இரவுப் பணியில் போன் எடுத்தவருக்கு எங்கள் இடத்தைப் பற்றி எதுவும் தெரியவில்லை. குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். இதை அவர்கள் கட்டாயம் திருத்த வேண்டும்.

மூன்றாம் நாள் புது டிரான்ஸ்ஃபார்மர்களில் இருந்து மின்சாரம் வந்தது. அப்போதும் கிளம்பிவிடாமல், மெயினைப் போடும் முன் மூன்று ஃபேஸையும் அளந்து, சுழற்சியையும் பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கேபிளைச் சுருட்டினார்கள். அடுத்த முறையும் இவர்களைத்தான் கூப்பிடுவேன். கேபிள் தூரத்தையும் டீசல் வர வேண்டிய நேரத்தையும் மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வேன்.