ஷோகன் 2-ஆ, நொபுனாகாவா: செங்கோகு ஜப்பானுக்கு எந்த கேம்?

பழைய ஜப்பானில் நடக்கும் வியூக கேம் எதை ஆடலாம் என்று கேட்டால், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று 2011 மார்ச்சில் வந்த டோட்டல் வார்: ஷோகன் 2. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி செய்தது, சேகா வெளியிட்டது. இன்னொன்று நொபுனாகாஸ் ஆம்பிஷன். கோயெய் நிறுவனம் 1983-இல் தொடங்கி, கோயெய் டெக்மோ ஆன பிறகும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் வரிசை அது. அதில் நான் எடுத்துக்கொள்வது ஜப்பானில் 2022-லும் ஆங்கிலத்தில் 2023-லும் வந்த அவேகனிங். இரண்டுக்கும் களம் ஒன்றுதான், செங்கோகு காலம். 1467-இல் ஓனின் போர் கியோட்டோவைச் சாம்பலாக்கியது, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் சொல் செல்லாக்காசானது, அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் மாகாணத்துக்கு ஒரு டைம்யோ, அதாவது குறுநிலப் பிரபு, கோட்டை கட்டிக்கொண்டு பக்கத்து டைம்யோவோடு மல்லுக்கட்டினார்கள்.

என் ஓட்டு ஷோகன் 2-க்கு. ஆனால் அந்தக் காலத்தில் யார் ஏன் ஜெயித்தார்கள் என்பதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பது அவேகனிங். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

சண்டையிலிருந்து தொடங்கலாம், ஷோகன் 2-ஐ வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். வரைபடத்தில் டர்ன் முறை, அதாவது ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் ஆடுவது, ஒரு டர்ன் ஒரு பருவம், நான்கு டர்ன் போனால் ஒரு வருஷம். இரண்டு படைகள் மோதினால் களத்துக்கு இறங்கி நேரடியாக நடத்தலாம். ஈட்டி குதிரையை நிறுத்தும், வாள் ஈட்டியை வெட்டும், குதிரை வில்லாளிகளை மிதித்துவிட்டுப் போகும். எல்லாக் குலங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே யூனிட்கள்தான் (படைப்பிரிவுகள்). சோசொகாபேவுக்கு வில் கொஞ்சம் கூர்மை, தாகேடாவுக்குக் குதிரை, ஊசுகிக்குப் போர்த்துறவிகள், ஓடாவுக்கு அஷிகாரு எனும் சாதாரணக் காலாட்கள், வித்தியாசம் அவ்வளவுதான். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு இதுதான் அந்த கேமின் பெரிய பலம். அடுத்தடுத்து வந்த டோட்டல் வார்களில் நூறு வகைப் படையும் நூறு வகைப் போனஸும் வந்து, தோற்றால் ஏன் தோற்றோம் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. ஷோகன் 2-இல் தோற்றால் காரணம் கண்ணெதிரே கிடக்கும்: வில்லாளிகளுக்கு முன்னால் ஈட்டிக்காரர்களை நிறுத்தவில்லை, அல்லது தளபதியை அவசரப்பட்டு முன்னே அனுப்பிவிட்டோம்.

ஒரு கோட்டைக் காவலை எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் தளங்கள், உள்ளே யாரி எனும் ஈட்டி ஏந்திய அஷிகாரு இரண்டு யூனிட், வில் அஷிகாரு மூன்று யூனிட், ஒரு தளபதி. கீழே அதைப்போல இரண்டு மடங்கு படையோடு எதிரி. அவர்களுக்கு ஏணி தேவையில்லை, கையாலேயே மதிலில் ஏறுவார்கள். ஏறும்போது சிலர் கை நழுவி விழுந்து சாவதைக் கேமராவை அருகே கொண்டுபோனால் பார்க்கலாம். மூச்சிரைக்க மேலே வந்து சேருகிறவன் முழு யூனிட்டாக வரமாட்டான், நான்கு பேர் ஐந்து பேராக வருவான், அங்கே ஈட்டிச் சுவர் காத்திருக்கும். மலிவான, ஊர் விவசாயியிடம் ஈட்டியைக் கொடுத்து நிறுத்தியது போன்ற அந்தப் படை, விலை உயர்ந்த, கட்டானா வாளேந்திய சாமுராய்களைத் திருப்பி அனுப்பும் காட்சி இருக்கிறதே, அதற்காகவே வேண்டுமென்றே கோட்டைக்குள் ஆளைக் குறைத்து வைத்து எதிரியை வரவழைக்கலாம். நியாயமாகச் சொன்னால் இதில் எதிரியை இயக்கும் ஏஐ-யின் பலவீனமும் சேர்ந்திருக்கிறது, முற்றுகையில் அது படையைத் துண்டு துண்டாக அனுப்பிக் கெடுத்துக்கொள்ளும். கடற்போரும் சுமார்தான், நான் பெரும்பாலும் தானியங்கி முடிவுக்கு விட்டுவிடுவேன்.

அவேகனிங்கின் சண்டை இதன் பக்கத்தில் நிற்காது. நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது நிறுத்தி உத்தரவு போடலாம், படைகள் சாலைவழியே ஊர்ந்து போகும். பெரிய மோதலானால் தனிக் களம் திறக்கும். அங்கேயும் குறித்த இடங்களுக்கு இடையே படைகளை நகர்த்துவது, இரண்டு பக்கமிருந்தும் நெருக்குவது, எதிரியின் பின்வாங்கும் வழியைப் பிடித்து அவன் மனவுறுதியை உடைப்பது என்று சில நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். விறுவிறுப்பு இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு விருந்து என்று சொல்ல முடியாது. ஜெயித்த பிறகு நடப்பதுதான் அழகு. பெரிய வெற்றியானால் அந்தச் செய்தி கேட்டு மிரண்டு, அக்கம்பக்கத்துச் சிறு பகுதிகள் தாமாகவே உங்கள் பக்கம் வந்து சேரும். ஒவ்வொரு ஊராகப் போய் மதிலை முட்ட வேண்டியதில்லை. ஒரு வெற்றியின் பேரே பாதி நாட்டைப் பிடித்துக் கொடுக்கும் என்பது செங்கோகுவில் உண்மையில் நடந்த விஷயம்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது வருகிறது. அந்தக் காலத்தின் பெரிய திருப்பங்களை எடுத்துப் பாருங்கள். 1560 ஒகேஹசாமாவில் இமகாவா யோஷிமோட்டோ சுமார் 25 ஆயிரம் பேரோடு வந்தார், ஓடா நொபுனாகா இரண்டு மூவாயிரம் பேரை வைத்துக்கொண்டு மழைக்குப் பின்னால் அவர் பாசறையில் புகுந்து தலையை எடுத்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சரி, அது போர்த்திறமை. ஆனால் 1582-இல் அதே நொபுனாகா கியோட்டோவின் ஹொன்னோ-ஜி கோயிலில் இறந்தது எதிரி கையால் இல்லை, சொந்தத் தளபதி அகேச்சி மிட்சுஹிடேயால். 1600 செகிகாஹாராவில் தராசைச் சாய்த்தது கோபயகாவா ஹிதேயாகி நடுப்போரில் கட்சி மாறியது. ஒரு டைம்யோவின் தூக்கத்தைக் கெடுத்தது பக்கத்து நாட்டுப் படையைவிடத் தன் சபையிலேயே உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

அவேகனிங் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. உங்களிடம் கோட்டைகள் இருக்கும், கோட்டைக்குக் கீழே சிறு பகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் ஒரு ஆளுக்கு மானியமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவன் தன் குணப்படி தானே வேலை பார்ப்பான், நீங்கள் தினம் போய் வயலை வெட்டு, சந்தையைக் கட்டு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 1560 தொடக்கத்தில் ஓடா குலத்தை எடுத்தால், பின்னாளில் நாட்டையே ஆளப்போகிற ஹிதேயோஷி கீழ்மட்டத்தில் கினோஷிதா தோகிச்சிரோ என்ற பெயரில் இருப்பார். ஒரு சின்னப் பகுதியைக் கையில் கொடுங்கள், அவர் வேலை செய்து, புகழ் சேர்த்து, படிப்படியாக ஏறி, ஒருநாள் கோட்டைத் தலைவர் ஆகும் தகுதிக்கு வந்து நிற்பார். அப்போது வருகிற கேள்வி: கோட்டையை இந்தத் திறமைசாலிக்குக் கொடுப்பதா, பரம்பரையாகக் கூடவே இருக்கும் பழைய ஆளுக்குக் கொடுப்பதா? பெரிதாக வளர்ந்தபின் ஒரு திசை முழுவதையும் ஒரு தளபதியிடம் விட்டுவிட வேண்டியிருக்கும், அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமலும் போகும். எதிரி அவருக்குத் தூது அனுப்புவான், நீங்களும் எதிரியின் ஆளுக்கு அனுப்புவீர்கள். இந்த அளவுக்கு நுணுக்கமாக டைம்யோவின் நாற்காலியில் உட்கார வைத்த கேம் வேறு எதையும் நான் ஆடியதில்லை.

வரலாற்றுச் சம்பவங்களும் இதில் நிபந்தனை பொருந்தினால் நடக்கும். யோஷிமோட்டோ விழுந்தால் அதுவரை இமகாவாவுக்குக் கட்டுப்பட்டிருந்த மட்சுதைரா மோட்டோயாசு தனியாகப் பிரிவார். அவர்தான் பிறகு தொகுகாவா இயேயாசு, 1603-இல் ஷோகன் ஆனவர்.

ஷோகன் 2-லும் தளபதிகளுக்கு விசுவாசம் உண்டு. பதவி கொடுக்கலாம், பெண் கொடுக்கலாம், தத்தெடுக்கலாம், பிணைக்கைதியாகப் பிள்ளையை அனுப்பலாம். ஆனால் அதெல்லாம் ஓரத்தில் நிற்கிற வேலை, கவனிக்காவிட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். அந்த கேம் துரோகத்தை வேறொரு இடத்தில் வைத்திருக்கிறது, மொத்தமாக ஒரே வீச்சில். உங்கள் புகழ் ஒரு அளவைத் தாண்டினால், பொதுவாகப் பதினைந்து இருபது மாகாணம் சேரும் சமயத்தில், ஷோகன் உங்களைப் பகைவன் என்று அறிவிப்பார். ரியல்ம் டிவைட் என்று இதற்குப் பெயர். அன்றிலிருந்து டர்னுக்கு டர்ன் உறவு கசந்து, நேற்றுவரை சம்பந்தியாக இருந்த குலம்கூடப் படையெடுக்கும். வணிக ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக அறும், அதோடு வருமானமும் அறும். இது செயற்கையானது, முப்பது வருஷம் கூட நின்ற நண்பன் எந்தக் காரணமும் இல்லாமல் திரும்புவது அபத்தம் என்று கோபப்படுகிறவர்கள் ஏராளம். கோபம் நியாயமானது. ஆனாலும் நான் இதை ஆதரிப்பேன். பாதி வரைபடத்தைப் பிடித்ததும் மிச்ச ஆட்டம் வெறும் துடைத்துப் பெருக்கும் வேலையாகிவிடுவது இந்த வகை கேம்களின் தீராத வியாதி. ஷோகன் 2 அதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறது, கசப்பு மருந்துதான். கஜானாவில் எவ்வளவு வைத்திருக்கிறோம், எல்லையில் எத்தனை படை, சாப்பாட்டு இருப்பு எவ்வளவு என்று முதல் டர்னிலிருந்தே அந்த நாளை மனதில் வைத்துத்தான் ஆடுவீர்கள். ஒவ்வொரு கோட்டையை உயர்த்தும்போதும் உணவு குறையும், தட்டுப்பாடு வந்தால் கலவரம் வெடிக்கும், அதனால் கண்ட இடத்தில் பெரிய கோட்டை கட்டவும் முடியாது. விதிகள் கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றும் கடிக்கும். அவேகனிங்கில் பின்பாதி அப்படி இல்லை. தளபதிகளிடம் ஒப்படைத்தபின் நீங்கள் வேடிக்கை பார்க்கும் நேரம் கூடிக்கொண்டே போகும், எதிர்ப்பும் மெல்ல வற்றிவிடும். எனக்குத் தராசு சாய்ந்தது இங்கேதான்.

இந்த இரண்டையும் விட்டு ஷேடோ டாக்டிக்ஸ் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. மியூனிக்கின் மிமிமி ஸ்டூடியோ 2016-இல் செய்தது, 1615-இல் நடக்கிறது, அருமையான கேம். ஆனால் அங்கே நாடு பிடிக்கும் வேலையே இல்லை, ஐந்து பேரை வைத்துக்கொண்டு காவலர்களின் கண்ணில் படாமல் ஒவ்வொரு வேலையாக முடிக்க வேண்டும். கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரம் ஆனது என்று திரையிலேயே நினைவூட்டும், அந்த ஒன்றே போதும் அது எப்படிப்பட்ட ஆட்டம் என்று புரிய. வேறு பசிக்கு வேறு சாப்பாடு. ஃபால் ஆஃப் த சாமுராய் ஷோகன் 2-இன் தனிப் பாகம், 2012-இல் வந்தது. 1860-களுக்குப் போய், துப்பாக்கியும் பீரங்கியும் இரும்புக் கப்பலும் சாமுராயை முடித்துவைப்பதைக் காட்டும். ஷோகன் 2 பிடித்தால் அடுத்து அதை எடுங்கள், கப்பலிலிருந்து கரைமேல் குண்டு வீசுவது மட்டுமே தனி அனுபவம்.

வாங்குவதைப் பற்றி. ஷோகன் 2 பழைய கேம், ஸ்டீம் என்ற இணையக் கடையில் அடிக்கடி நல்ல தள்ளுபடிக்கு வரும், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். பின்பாதியில் மற்றக் குலங்கள் நகர்ந்து முடியும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவேகனிங் விலை அதிகம், கணினியோடு பிளேஸ்டேஷன் 4-லும் ஸ்விட்ச்சிலும் கிடைக்கும். குரல் ஜப்பானிய மொழி, எழுத்து ஆங்கிலம், வாசிக்க நிறைய இருக்கும். வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஷோகன் 2-ஐத் தொடங்குகிறவர்கள் முதல் ஆட்டத்துக்கு ஓடாவை எடுக்காதீர்கள். நொபுனாகாவின் பெயர் இழுக்கும், ஆனால் கேம் தொடங்கும் 1545-இல் அந்தக் குலம் ஓவாரி மாகாணத்தில் நட்டநடுவே மாட்டிக்கொண்டிருக்கும், வடக்கே மினோவில் சைட்டோ, கிழக்கே மிகாவாவில் தொகுகாவா. ஷிகோகு தீவில் சோசொகாபேவை எடுங்கள். சுற்றிலும் கடல், முதுகு பத்திரம், வில் அஷிகாரு நன்றாக இருக்கும். தீவை முதலில் முடித்துவிட்டு, காசு சேர்த்துக்கொண்டு, பிறகு கடல் தாண்டுங்கள். அவேகனிங்கில் நேர்மாறாகச் செய்யுங்கள், அங்கே 1560 ஓடாதான் சரியான தொடக்கம்.