ஒரே நாட்டை ஊன்றி வாசித்தல்: நெதர்லாந்து வாசிப்புத் தொகுப்பு, ஒரு மதிப்புரை

நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, நெதர்லாந்து என்னும் ஒரே நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு உரைப்பத்திகளும் வினாக்களும் அடங்கிய வாசிப்புத் தொகுப்பு ஒன்றைச் சிறிய பதிப்பகம் ஒன்று தமிழில் வெளியிட்டிருக்கிறது. தனித்தனித் தாள்களாக ஓர் உறைக்குள் வரும் இத்தொகுப்பின் விலை 280 ரூபாய். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் இதை முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை பயன்படுத்திய பிறகே எழுதுகிறேன். குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வகையில் வேறு நாடுகளைப் பற்றிய தொகுப்புகளும் கிடைப்பதால், எதை வாங்கினாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இம்மதிப்புரை உதவக்கூடும்.

நம் பள்ளிகளில் ‘பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளிக்க’ என்று வரும் பகுதி பிள்ளைகளை ஒரு வாரம் தேனீக்களிடமும், அடுத்த வாரம் காமராசரிடமும், அதற்கடுத்த வாரம் செயற்கைக்கோளிடமும் அழைத்துச் செல்கிறது. ஒரு பத்தியில் கற்றது அடுத்த பத்திக்குப் பயன்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளை வெறுங்கையோடு தொடங்குகிறது. வாசித்துப் புரிந்துகொள்வது எல்லாப் பாடப்பொருளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் தனித்திறன் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கையை 1988இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அசைத்துவிட்டது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்னும் இருவர், ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், வாசிப்பில் வல்லவர்களாக இருந்தும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிடத் தெளிவாக அப்பத்தியை நினைவுகூர்ந்தார்கள். பொருளைப் பற்றி முன்பே தெரிந்திருப்பது அத்தனை பெரிய துணை. இந்தத் தொகுப்பின் சிறப்பெல்லாம், அந்தத் துணையைப் பத்திக்குப் பத்தி பிள்ளைகளுக்குள்ளேயே சேர்த்துத் தருவதில்தான் இருக்கிறது.

முதல் பத்தி மண்ணைப் பற்றியது. மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு மண்ணிலிருந்து நீரை வடித்தால், அதுவரை நீரில் ஊறிக் கிடந்த மண்ணில் காற்றுப் புகுந்து, மண் சிதைந்து, தரை தாழ்ந்துவிடும். தரை தாழ்ந்தால் மீண்டும் நீர் தேங்கும். மேலும் ஆழமாக வடிக்க வேண்டியிருக்கும். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதற்குக் கடலை மட்டும் காரணமாகச் சொல்லாமல், மனிதர்கள் நூற்றாண்டுகளாக வடித்த வடிகாலையும் காரணமாகச் சொல்லும் இப்பத்தி, நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சற்றுக் கடினமானது. ஆனால் அந்தக் கடினத்தை ஒருமுறை கடந்துவிட்டால், பின்னால் வரும் பத்திகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன. 1612இல் நீர் வடிக்கப்பட்ட பேம்ஸ்டர் ஏரியைப் பற்றிப் படிக்கும்போதும், 1852இல் நீராவிப் பொறிகளால் வற்றவைக்கப்பட்ட ஹார்லம் ஏரியின் தரையில்தான் இன்றைய ஸ்கிப்போல் விமான நிலையம் கடல்மட்டத்துக்குக் கீழே நிற்கிறது என்று படிக்கும்போதும், ‘இது எப்படி முடியும்?’ என்று திகைப்பதற்கு மாறாக ‘அந்த நீரை எங்கே விட்டார்கள்?’ என்று பிள்ளைகள் கேட்டார்கள். பத்தி சொல்லாமல் விட்டதை வாசிப்பவர் தானே தேடும் இந்த நிலையைத்தான் புரிந்துகொள்ளுதல் என்று நான் கருதுகிறேன்.

ஆம்ஸ்டர்டாம் பற்றிய ஏழாம் பத்தி இதற்கு மிகச் சிறந்த சான்று. அந்நகரின் அரண்மனை 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிறது என்பதையும், மரம் நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை அழுகுவதில்லை என்பதையும் பத்தி சொல்கிறது. அதன் கீழுள்ள வினா இது: ‘நகரைச் சுற்றியுள்ள உழவர்கள் நிலத்தடி நீரை இன்னும் ஆழமாக வடிக்க விரும்பினால், நகரத்தில் வீடு வைத்திருப்பவர் ஏன் கவலைப்படுவார்?’ இதற்கான விடை பத்தியில் எந்த வரியிலும் இல்லை. முதல் பத்தியின் மண்ணையும் ஏழாம் பத்தியின் மரத்தையும் இணைத்துப் பார்ப்பவருக்கே விடை கிடைக்கும். பாடப்புத்தகத்தை உரக்க வாசிக்கவே தயங்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த வினாவுக்கு முதலில் விடை சொன்னாள். சரளமாக வாசிக்கும் சிலர் பத்தியை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா வினாக்களும் இந்தத் தரத்தில் இல்லை என்பது வருத்தம். ‘கிண்டர்டைக்கில் எத்தனை காற்றாலைகள் உள்ளன?’, ‘அவை எந்த ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன?’ என்பன போன்ற வினாக்களுக்கு 19 என்றும் 1997 என்றும் எழுதும் பிள்ளை, காற்றாலை என்ன செய்கிறது என்றே அறியாமல் இருக்கலாம். ‘மிழற்றன் நேற்று மூன்று கூவடிகளைத் தளம்பினான்’ என்று பொருளற்ற சொற்றொடர் ஒன்றை எழுதி, ‘மிழற்றன் எத்தனை கூவடிகளைத் தளம்பினான்?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் மூன்று என்று தயங்காமல் விடையளிக்கும். சொல்லைப் பார்த்துச் சொல்லை எடுத்து எழுதும் இவ்வகை வினாக்கள் தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பயன்படுத்துவோர் இவற்றைத் துணிந்து விட்டுவிடலாம்.

காற்றாலைப் பத்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காற்றாலை என்றால் ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும்தான். காற்றாலை மின்சாரம் தரும் என்பதே அவர்கள் அறிந்தது. சுமார் 1740இல் கட்டப்பட்ட கிண்டர்டைக் காற்றாலைகளும் மின்சாரம் தந்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தியோ இதை எதிர்பார்க்கவே இல்லை. காற்று இறக்கையைச் சுழற்ற, இறக்கை ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சக்கரம் தாழ்ந்த வாய்க்காலிலிருந்து உயர்ந்த வாய்க்காலுக்கு நீரை அள்ளி ஏற்றும் என்பதை நாங்கள் கரும்பலகையில் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு காற்றாலையால் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம்தான் நீரை ஏற்ற முடியும் என்று சொன்னதும், மூன்று மீட்டருக்கும் மேல் ஆழமான பேம்ஸ்டரை வடிக்கக் காற்றாலைகளை ஏன் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். முன்னறிவு துணை நிற்பது போலவே தடம் மாற்றவும் செய்யும்; வேறொரு நாட்டைப் பற்றி எழுதுபவர், தம் வாசகர் எதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டும்.

வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரையின் ஓட்டையில் விரலை வைத்து அடைத்து ஊரைக் காப்பாற்றிய சிறுவனின் கதையை ஒன்பதாம் பத்தி ‘நெதர்லாந்தின் பழங்கதை’ என்று தருகிறது. இது தவறு. அக்கதை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாவல் ஒன்றின் வழியாக உலகெங்கும் பரவியது. நெதர்லாந்து மக்களின் வாய்மொழி மரபில் வந்ததன்று. மண்கரை விரல் வைத்து அடைக்கும் ஓட்டையால் உடைவதில்லை. 1953 சனவரி 31 இரவு வீசிய புயலில் பல இடங்களில் நீர் கரையின் மேல் ஏறி வழிந்து, உட்புறச் சரிவை அரித்துக் கரையைச் சரித்தது; நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். இந்த வெள்ளத்தைப் பற்றிய பத்தாம் பத்தி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரவின் முடிவில், நியூவெர்கெர்க் என்னும் ஊருக்கருகே கரை உடைந்த இடத்தில் ஆரி எவெக்ரூன் என்னும் படகோட்டி தம் சரக்குப் படகையே குறுக்கே செலுத்தி உடைப்பை அடைத்த உண்மை நிகழ்ச்சியை அதில் சேர்த்திருந்தால், விரல் கதையையும் படகு நிகழ்ச்சியையும் அருகருகே வைத்து, எது நடந்திருக்கக்கூடும், ஏன் என்று கேட்டிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி அமைவது அரிது.

மிதிவண்டி பற்றிய பத்தி, நாடு தட்டையாக இருப்பதால் எல்லாரும் மிதிவண்டி ஓட்டுகிறார்கள் என்று ஒரே காரணத்தோடு நின்றுவிடுகிறது. 1950களிலும் 60களிலும் கார்கள் பெருகியபோது அங்கேயும் மிதிவண்டிப் பயன்பாடு குறைந்தது; சாலை விபத்துகளில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்ததை எதிர்த்து 1970களில் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள்; தனிப்பாதைகள் பெருகியதில் அந்தப் போராட்டத்துக்கும் பங்குண்டு. நிலம் அன்றும் தட்டையாகத்தான் இருந்தது. துலிப் மலர், பாலாடைக்கட்டி பற்றிய பத்திகள் சுற்றுலாக் கையேட்டைப் போல இருப்பதால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

என்னால் ஏற்க முடியாத குறை ஒன்று உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதப்பட்ட இத்தொகுப்பில், டச்சுக்காரர்களைக் குறிக்கும் ‘ஒல்லாந்தர்’ என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. பழவேற்காட்டில் அவர்கள் 1613இல் கோட்டை கட்டியதையும், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதையும், துணி வாணிகத்தோடு சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியதையும் சொல்லாமல், அந்நாட்டை நீரோடு போராடி வென்ற நாடாக மட்டுமே காட்டுவது நேர்மையாகாது. சமூக அறிவியல் பாடத்தில் படிக்கும் டச்சுக்காரர்களும் இந்தத் தாள்களில் வரும் நெதர்லாந்து மக்களும் ஒரே நாட்டவர் என்பதை எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் பலர் அறியவே இல்லை. பழவேற்காட்டில் இன்றும் நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைகளைப் பற்றி நாங்களே ஒரு பக்கம் எழுதி, ‘கடலை அஞ்சிக் கரை கட்டியவர்கள் கடல் கடந்து இங்கு வந்தது ஏன்?’ என்ற வினாவோடு இணைத்துக்கொண்டோம்.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை வாங்கச் சொல்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். நான்காம் வகுப்பென்றால் முதல் மூன்று பத்திகளைப் பெரியவர் ஒருவர் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். பத்திகளை வரிசை மாற்றாமல் வாசிப்பது கட்டாயம், ஏனெனில் எளிதாகத் தோன்றும் பத்தியை முன்னால் இழுத்தால் கோவையே அறுந்துவிடும். தாள்கள் தனித்தனியாக இருப்பதால் கலந்துபோகும். வாங்கியவுடன் துளையிட்டுக் கோப்பில் கோத்துவிடுவது நல்லது. விடைத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் வினாவுக்கு அதில் தரப்பட்டிருக்கும் ஒருவரி விடையைவிடப் பிள்ளைகள் சொன்ன விடைகள் நிறைவாக இருந்தன.