எம்.பி. என்ன கேட்டார்? பி.ஆர்.எஸ். தளத்தின் ‘எம்.பி. ட்ராக்’

எங்கள் ரயில் பயணிகள் சங்கத்தில் மனு எழுதுவது என் வேலை. மனுவை வாங்கிக்கொண்ட எம்.பி. டெல்லியில் வாய் திறந்தாரா என்று பார்க்க நான் போவது, நாடாளுமன்றச் செயல்பாடுகளை ஆராயும் அமைப்பான பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்சின் ‘எம்.பி. ட்ராக்’ பக்கத்துக்கு. இலவசம்.

பெயரைத் தட்டினால் வருகை சதவீதம், பங்கெடுத்த விவாதங்கள், கேட்ட கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் (அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவருபவை) எல்லாம் வரும். பக்கத்திலேயே தேசிய சராசரி, மாநிலச் சராசரி. தேர்தல் வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த எண்கள்தான். எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. பட்ஜெட் மீது விரிவாகப் பேசியதும் ஒரு விவாதம். தொகுதிப் பிரச்சினையை எழுப்ப உதவும் மக்களவையின் 377-வது விதியின் கீழ் அவையில் வைத்த ஒரு பாராவும் ஒரு விவாதம். அமைச்சர்களின் எம்.பி. ட்ராக் பக்கத்தில் ஒன்றும் இல்லையே என்று திட்டவும் வேண்டாம். அவர்கள் பதில் சொல்கிற ஆட்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போடுவதில்லை.

விஷயம் கேள்விப் பட்டியலில் இருக்கிறது. தேதி, தலைப்பு, அமைச்சகம், நட்சத்திரக் குறி உண்டா இல்லையா என்று வரிசையாக வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில் விழ வேண்டும். விழுந்து, கேள்வி நேரத்துக்குள் முறையும் வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாத மற்ற 230 கேள்விகளுக்கும் எழுத்தில் பதில். அதனால் நட்சத்திரம் குறைவு என்று பின்வரிசைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே விஷயத்தை அடுத்த கூட்டத்தொடரிலும் விடாமல் கேட்டிருக்கிறாரா? அதைத்தான் தேடுவேன்.

பதிலைப் படிக்க நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான சன்சத்துக்குப் போய்விடுவேன். அங்கே பிடிஎஃப் கிடைக்கும். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று போட்டு நாலு உட்கேள்விக்கும் சேர்த்து ஒரே பாரா இருக்கும். ரயில் நிறுத்தம் கேட்டால் அது தொடர் நடைமுறை, இயக்கச் சாத்தியத்தையும் பயணிகள் வரத்தையும் பொறுத்தது என்பார்கள். (ஆ)வில் கேட்ட டிக்கெட் விற்பனைக் கணக்கு அந்தப் பாராவுக்குள் காணாமல் போயிருக்கும்!

அந்தக் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, ‘ஐயா, (ஆ)வுக்கு விடை வரவில்லை, இதை மட்டும் தனியாகக் கேளுங்கள்’ என்று கேள்வியையே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி வெளியானதுமே எம்.பி. அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.